வாசலில் கழற்றிவிட்ட பூட்ஸ்

மாமா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். இடது பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் நீல் ஆம்ஸ்ட்ராங்கின் விண்வெளி உடை, அதன் காலில் அடிப்பாகம் மழமழவென்று இருக்கும் பூட்ஸ். வலது பக்கம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் காலடித் தடம், பட்டை பட்டையாக வரி விழுந்தது. நடுவில் பெரிதாக ஒரு சிவப்புக் கேள்விக்குறி. கீழே மாமாவின் கைவண்ணம்: "இந்த ஷூ போட்டா அந்தத் தடம் எப்படிப்பா வரும்? நீதான் இதெல்லாம் படிக்கிறவன், சொல்லு பாப்போம்."

மணி காலை ஆறு. அதற்குள் சித்தி ஒருத்தர் கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டார், அது இந்தப் படத்துக்கா அதற்கு முன்னால் வந்த முருகன் படத்துக்கா என்று தெரியவில்லை.

பதில் என்னவோ ஒரு வரிதான். பெட்டிக்குள் நிற்பது உள்பூட்ஸ். நிலாவில் அதற்கு மேல் இன்னொரு பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தார்கள், வரி வரியான அடிப்பாகம் இருந்தது அதில்தான், அந்த ஜோடி இன்னமும் நிலாவிலேயே கிடக்கிறது. இதை அடித்து அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போயிருக்கலாம். ஆனால் அடிக்கும்போதே எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு தூரம் போய், சரித்திரத்திலேயே பெரிய நடை நடந்த ஜோடியை ஏன் விட்டுவிட்டு வர வேண்டும்? அதைத் தேடப்போய், விண்வெளிக்குப் போன முதல் ஆட்கள் காலில் என்ன போட்டிருந்தார்கள் என்று ஒரு வாரம் அலைந்ததுதான் இந்தப் பதிவு.

யோசித்துப் பாருங்கள், எடையே இல்லாத இடத்துக்குப் போகிறவனுக்கு பூட்ஸ் எதற்கு? நிற்கத் தரை இல்லை, குத்த முள் இல்லை. முதல் சில வருடங்கள் அங்கே போன பூட்ஸ்களில் பாதிக்கு மேல் விண்வெளிக்காகப் போனவையே இல்லை என்பதுதான் நான் கண்டுகொண்ட முதல் விஷயம். அவை தரைக்காகப் போனவை.

யூரி ககாரினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961 ஏப்ரல் 12. ஆரஞ்சு நிற மேலுடை, காலில் உயரமான தோல் பூட்ஸ். மொத்தப் பயணமும் 108 நிமிடம், அதில் அவருடைய கால்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, இருக்கையோடு கட்டிப்போட்டிருந்தார்கள். பூட்ஸுக்கு வேலை வந்தது கடைசி நிமிடங்களில். வஸ்தோக் கலம் மனிதன் உள்ளே உட்கார்ந்தபடி இறங்கும் அளவுக்கு மெதுவாகத் தரையைத் தொடாது. அதனால் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு ஆளை வெளியே எறிந்துவிடும், அவர் தனி பாராசூட்டில் இறங்க வேண்டும். சோவியத் அரசு இதைப் பல வருடம் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தது தனிக் கதை. வோல்கா ஆற்றுப் பக்கம் ஸ்மெலோவ்கா என்ற கிராமத்துக்கு அருகே ஒரு வயலில் ககாரின் வந்து விழுந்தார். அங்கே அன்னா தக்தரோவா என்ற பெண்மணியும் அவர் பேத்தி ரீத்தாவும் நின்றிருந்தார்கள். ஆரஞ்சு உடையும் வெள்ளைத் தலையுமாக வந்த உருவத்தைப் பார்த்துப் பயந்தார்கள். பயப்படாமல் என்ன செய்வார்கள்? விண்வெளிக்குப் போய் வந்த முதல் பூட்ஸ் மிதித்தது வயல் மண்ணை.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 14, மாஸ்கோ வ்னுகோவோ விமான நிலையம். நீளமான சிவப்புக் கம்பளம், அந்தப் பக்கம் சோவியத் தலைவர் குருஷ்சேவ் நிற்கிறார், உலகமே பார்க்கிறது. ககாரின் ராணுவ உடையில் விறைப்பாக நடந்து வருகிறார், காலடியில் ஏதோ ஒன்று அவிழ்ந்து ஒவ்வோர் அடிக்கும் ஆடி ஆடித் தட்டுகிறது. படச்சுருளில் தெளிவாகத் தெரியும். அது ஷூ லேஸா, காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டியா என்று இன்றைக்கும் ரஷ்யர்கள் சண்டை போடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் மனிதர் குனியவில்லை, நிற்கவில்லை, கடைசி வரை நடந்து போய் சல்யூட் அடித்தார். பூமியைச் சுற்றி வந்தபோது கால் தகராறு செய்யவில்லை, கம்பளத்தில் செய்தது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் முதல் திட்டமான மெர்க்குரிக்கு ஏழு பேர். உடை செய்து கொடுத்தது பி. எஃப். குட்ரிச், ஆமாம், டயர் கம்பெனியேதான். ஏற்கெனவே கடற்படை விமானிகளுக்குச் செய்துகொண்டிருந்த மார்க் 4 உடையை மாற்றி, வெப்பத்தைத் திருப்பியடிக்க அலுமினியம் பூசிய துணி போட்டு, பளபளவென்று வெள்ளியாக ஆக்கினார்கள். ஏழு பேரும் அந்த வெள்ளி உடையில் வரிசையாக நிற்கும் 1960-ஆம் வருடத்துக் குழுப்படம் ஒன்று உண்டு, எங்கு பார்த்தாலும் அதுதான் இருக்கும். அதில் காலைக் கவனியுங்கள். ஜான் கிளென், டீக் ஸ்லேட்டன் இருவர் காலிலும் இருப்பது சாதாரண வேலைக்காரர் பூட்ஸ். வெள்ளி பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. புதன்கிழமை வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டு வர வேண்டும், இல்லையென்றால் பிரேயரில் தனி வரிசை. முதல் நாள் இரவு பாலிஷ் போட மறந்துபோய், காலையில் பள்ளி வாசலில் நின்று சாக்பீஸை உடைத்துத் தேய்ப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை. வியர்த்தால் போச்சு. ஒரு குழுப்படத்தில் நான் இரண்டாம் வரிசையில் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்து நிற்பது இப்போதும் இருக்கிறது. கிளென் ஒளிக்கவில்லை, அதற்காகவே அவர்மேல் ஒரு மரியாதை.

மெர்க்குரிக் கலத்துக்குள் நடப்பது என்ற பேச்சே இல்லை. கால் நீட்டவே இடம் இல்லாத குடுவை அது. 1963 மே மாதம் கார்டன் கூப்பர் ஒரு நாளுக்கு மேல் சுற்றி வரப் போனபோது பூட்ஸை உடையோடேயே சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அதாவது, தனியாக ஒரு பூட்ஸ் வேண்டாம், உடைக்குக் கடைசியில் பாதம் இருந்தால் போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். சின்னக் குழந்தைக்குப் போடும் பாதம் மூடிய பைஜாமாவைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அது.

சரி, உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை இதெல்லாம் பரவாயில்லை. கதவைத் திறந்து வெளியே போனபோதுதான் கால் என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் உறைத்தது.

முதலில் போனவர் அலெக்சி லியோனோவ், 1965 மார்ச் 18, வஸ்ஹோத் 2. வெளியில் இருந்தது பன்னிரண்டு நிமிடம். வெற்றிடத்தில் உள்ளே இருந்த அழுத்தத்தால் உடை பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. ஊதினால் என்ன ஆகும்? உடை பெரிதாகும், ஆள் பெரிதாக மாட்டார். விரல்கள் கையுறையிலிருந்து பின்வாங்கிவிட்டன, பாதங்கள் பூட்ஸிலிருந்து மேலேறிவிட்டன. காலில் பூட்ஸ் இருக்கிறது, ஆனால் பூட்ஸுக்குள் பாதம் இல்லை. அந்த நிலையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு குறுகலான காற்றறைக்குள் நுழைய வேண்டும். கடைசியில் கீழே யாரிடமும் கேட்காமல் வால்வைத் திறந்து, உடையில் இருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, கால் முதலில் போக வேண்டிய வழியில் தலை முதலில் புகுந்து, உள்ளே போய்த் திரும்பி, எப்படியோ பிழைத்தார்.

அத்தோடு முடியவில்லை. திரும்பும்போது தானியங்கிக் கருவி மக்கர் செய்ததால், குறித்த இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி பெர்ம் பகுதிக் காட்டில், ஆளுயரப் பனியில் இறங்கினார்கள். லியோனோவ் பின்னாளில் சொன்னதில் எனக்கு மறக்காதது இதுதான்: வெளியில் பட்ட பாட்டில் கொட்டிய வியர்வை உடைக்குள்ளேயே இறங்கித் தேங்கி, முழங்கால் வரை தளும்பிக்கொண்டிருந்ததாம். காட்டில் அப்படியே இருந்தால் கால் விறைத்துப் போய்விடும் என்று, நடுக்கும் குளிரில் எல்லாவற்றையும் கழற்றி, உள்ளாடையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். இரண்டு இரவு காட்டில் கழிந்தது. பிறகு மீட்பு ஆட்கள் கொண்டுவந்த பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்கியே போய் ஹெலிகாப்டரைப் பிடித்தார்கள். விண்வெளியில் முதலில் மிதந்தவர் வீடு திரும்பியது ஸ்கீ போட்டுக்கொண்டு.

அமெரிக்கர்களுக்கு வந்த பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. 1966 ஜூன் 5, மெர்க்குரிக்கு அடுத்து வந்த ஜெமினி வரிசையில் ஜெமினி 9. யூஜீன் செர்னன் வெளியே போய், கலத்தின் பின்பக்கம் இருந்த ஒரு முதுகு ராக்கெட்டை மாட்டிக்கொண்டு பறந்து காட்ட வேண்டும். அந்த ராக்கெட் கால் பக்கமாகச் சூடான புகையைக் கக்கும் என்பதால் உடையின் கால்களுக்கு மட்டும் குரோமெல்-ஆர் என்ற உலோக இழைத் துணியில் உறை போட்டிருந்தார்கள். நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பியை நூலாக இழுத்து நெய்தது. இந்த உலோகப் பேன்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வரும்.

ஆனால் அவர் பறக்கவே இல்லை. பின்பக்கம் போய்ச் சேர்ந்து வேலையை ஆரம்பிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. தரையில் நின்று ஒரு குழாயைத் திருகுகிறோம் என்றால் நம் பாதம் தரையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே வால்வைத் திருகினால் வால்வு நின்றுவிடுகிறது, ஆள் திரும்புகிறார். கால் வைக்க ஏதோ ஏற்பாடு இருந்தது, அது போதவில்லை. ஒரு கையால் உடம்பைப் பிடித்து நிறுத்திக்கொண்டு இன்னொரு கையால் வேலை, அதுவும் ஊதிப்போன உடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை போனது. முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, மூக்கு நுனியால் தேய்த்து ஓட்டை போட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, முதுகு ராக்கெட் எல்லாம் வேண்டாம், ஆள் உள்ளே வந்தால் போதும் என்று கூட்டிக்கொண்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஜெமினி 11-இல் டிக் கார்டனுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

தீர்வு என்னவென்றால், இதற்குத்தான் நான் இவ்வளவு நீட்டி முழக்கினேன், ஒரு ஜோடி செருப்பு. தங்கச் செருப்பு என்றுதான் அவர்களே பெயர் வைத்தார்கள். தங்க நிறத்தில், பூட்ஸ் அளவுக்கு வார்த்து, கலத்தின் பின்பக்கத் தட்டில் அசையாமல் பொருத்திய இரண்டு பாதக் கூடுகள். போய்க் காலை நுழைத்தால் பிடித்துக்கொள்ளும். 1966 நவம்பரில் ஜெமினி 12-இல் பஸ் ஆல்ட்ரின் அதில் கால் வைத்து நின்றுகொண்டு போல்ட்டைக் கழற்றினார், மாட்டினார், கொக்கியைக் கோத்தார், முன்னவர்களைத் தவிடுபொடியாக்கிய வேலையெல்லாம் மூச்சு வாங்காமல் முடிந்தது. அதற்கு முன்பு பால்டிமோர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் தண்ணீருக்கடியில் பழகியதும் பெரிய காரணம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கால் நின்றால்தான் கை வேலை செய்யும் என்று அந்த வருடம் கண்டுபிடித்ததை எந்தக் கொத்தனாரிடமும், ஏணியில் ஏறி மாங்காய் பறிக்கிற யாரிடமும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அதே தங்கச் செருப்பு 1969 மார்ச்சில் அப்பல்லோ 9-லும் போனது, பூமியைச் சுற்றியபடி நிலாக்கலத்தைச் சோதித்துப் பார்த்த பயணம். கலத்தின் கதவுக்கு வெளியே ஒரு திண்ணை மாதிரித் தட்டு, அதில் பொருத்தியிருந்தார்கள். ரஸ்டி ஷ்வைகார்ட் அதில் நின்றிருந்தபோது, எதிரே டேவ் ஸ்காட் கையிலிருந்த காமிரா சிக்கிக்கொண்டது. சரி செய்ய ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அந்த ஐந்து நிமிடம் ஷ்வைகார்ட்டுக்கு வேலை எதுவும் இல்லை. செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, திரும்பி, சும்மா பூமியைப் பார்த்தபடி நின்றார். தன் வாழ்க்கையையே மாற்றிய நிமிடங்கள் என்று பிறகு பல இடங்களில் பேசியிருக்கிறார். திண்ணையில் நின்று ஊரை வேடிக்கை பார்த்ததுதான், ஊர்தான் கொஞ்சம் பெரிது.

இனி மாமாவின் படத்துக்கு வருகிறேன்.

நிலா உடையைச் செய்தது டெலவேர் மாநிலம் டோவரில் இருந்த ஐஎல்சி நிறுவனம். பெண்களின் உள்ளாடை விற்ற பிளேடெக்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த அதே கம்பெனி. அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள், எலினார் ஃபோரேக்கர் போன்றவர்கள், அதற்கு முன்பு பிராவும் இடுப்புக் கச்சையும் தைத்தவர்கள். இங்கே தையல் ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்குகூட விலகக்கூடாது. குண்டூசி ஒன்று உள்ளே தங்கினால் உயிர் போகும் என்பதால் எண்ணித்தான் கொடுப்பார்கள், பிறகு எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார்கள். டயர் கம்பெனியில் ஆரம்பித்து உள்ளாடைக் கம்பெனியில் முடிந்திருக்கிறது. நடுவில் செருப்புக் கடை எதுவும் வரவில்லை, பாருங்கள்.

உடையோடு சேர்ந்த உள்பூட்ஸ் காற்று கசியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை அப்படியே நிலா மண்ணில் வைக்க முடியாது. நடுப்பகலில் அங்கே தரை 120 டிகிரி வரை போகும், நிழலில் எலும்பை உறைய வைக்கும் குளிர், மண்ணோ உடைத்த கண்ணாடி. அதனால் மேலே மாட்டிக்கொள்ள ஒரு பூட்ஸ். வெளித்துணி குரோமெல்-ஆர், செர்னனுடைய உலோகப் பேன்ட் ஞாபகம் இருக்கிறதா, அதே துணி, கஜம் ஆயிரக்கணக்கான டாலர். உள்ளே அலுமினியம் பூசிய மெல்லிய தாள்களும் வலை மாதிரியான துணியும் மாற்றி மாற்றிப் பல அடுக்கு, அதற்குள் கண்ணாடி இழையில் நெய்த பீட்டா துணி. பாதத்துக்கு நேர்கீழே நோமெக்ஸ் கம்பளம் இரண்டு அடுக்கு, சூடும் குளிரும் ஏறாமல் இருக்க. அடிப்பாகம் நீல நிற சிலிகோன் ரப்பர், ஒரு விரல் பருமனுக்குக் குறுக்குக் குறுக்காக வரி. சாதாரண ரப்பர் அந்தச் சூட்டில் இளகும், குளிரில் உடையும், சிலிகோன் இரண்டையும் தாங்கும். ரப்பர் கொடுத்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 2014-இல், நிலாவில் இறங்கி 45 வருடம் ஆனதற்காக, அதே ஜாடையில் 100 ஜோடி ஷூ செய்து 196 டாலர் 90 சென்ட்டுக்கு விற்றது. 1969-ஐ எப்படியாவது விலையில் நுழைத்துவிட வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங் கலத்தை ரொம்ப மெதுவாக இறக்கிவிட்டார். எவ்வளவு மெதுவாக என்றால், இறங்கும் வேகத்தில் அமுங்க வேண்டிய கலத்தின் கால்கள் சரியாக அமுங்கவே இல்லை. அதனால் ஏணியின் கடைசிப் படிக்கும் கீழே இருந்த வட்டத் தட்டுக்கும் நடுவில் மூன்றடி இடைவெளி. முதலில் அந்தத் தட்டில் குதித்தார். உடனே ஒரு தடவை மேலே தாவிப் பார்த்தார், திரும்பி ஏற முடியுமா என்று. முடியும் என்று தெரிந்த பிறகு மறுபடி இறங்கி, கையால் பிடித்துக்கொண்டு, இடது காலை எடுத்து மண்ணில் வைத்தார்.

ஆமாம், இடது கால். எங்கள் பாட்டி இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்ப ஏற்றியிருப்பாள்.

மண் எப்படி இருக்கிறது என்று அவர் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்தது. கரித்தூள் மாதிரி பூட்ஸின் அடியிலும் பக்கவாட்டிலும் மெல்லிய படலமாக ஒட்டுகிறது, ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஆழம்தான் பாதம் உள்ளே போகிறது என்றார். பாட்டி பல் துலக்கிய உமிக்கரிதான் என் கண்ணில் வந்தது. விரலில் எடுத்தால் ரேகை ரேகையாகப் படிந்திருக்கும், ஊதினாலும் போகாது.

அந்தப் பிரபலமான தடம் ஆம்ஸ்ட்ராங்குடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது ஆல்ட்ரினுடையது. சரித்திரத்துக்காக எடுத்த படமும் இல்லை. மண் எவ்வளவு பாரம் தாங்குகிறது, எப்படி அமுங்குகிறது என்று மண்ணியல் ஆட்களுக்குக் காட்ட, யாரும் மிதிக்காத இடத்தை ஒரு படம், பிறகு அதில் காலை வைத்து எடுத்துவிட்டு ஒரு படம். தடம் தனியாக இருக்கிறதே என்று தோன்றி, பூட்ஸும் தெரிகிற மாதிரி இன்னொன்று. அவ்வளவு துல்லியமாக வரி விழுந்ததற்குக் காரணம் அந்த மண்தான். பூமியில் மணல் துகள்கள் காற்றிலும் தண்ணீரிலும் உருண்டு உருண்டு மழுங்கியிருக்கும், அங்கே இரண்டும் கிடையாது, ஒவ்வொரு துகளும் முனை முனையாக ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். கடற்கரை ஈரமணலில் விழும் தடம் அடுத்த அலைவரைக்கும். இதைக் கலைக்க அங்கே ஆள் இல்லை. 2011-இல் நாசாவின் சுற்றுக்கலம் ஒன்று தாழப் பறந்து எடுத்த படங்களில் அப்பல்லோ 12, 14, 17 ஆட்கள் நடந்த வழி ஒற்றையடிப் பாதை மாதிரி கறுப்புக் கோடாகத் தெரிகிறது. மேலேயிருந்து பார்த்தால் வயல் வரப்பில் ஆள் நடந்த தடம் போலவேதான்.

ஆனால் தடத்தை அழகாகக் காட்டிய அதே முனைகள்தான் பிறகு எல்லோரையும் படுத்தி எடுத்தன. துணியை அராவியது, மூட்டு இணைப்புகளில் புகுந்தது, கண்ணாடியைக் கீறியது. வெளியிலிருந்து ஏறும்முன் ஏணியில் காலை உதைத்து உதைத்துத் தட்டுவார்கள், பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள், ஒன்றும் முழுசாகப் போகாது. உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினால் சுட்டு முடித்த துப்பாக்கி மருந்து வாசனை. அப்பல்லோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட், ஒரே ஒரு புவியியல் விஞ்ஞானி, அந்தத் தூசியால் மூக்கடைத்துத் தும்மினார். உலகத்திலேயே, அதாவது எந்த உலகத்திலும், நிலாத் தூசிக்கு அலர்ஜி வந்த முதல் ஆள். அப்பல்லோ 12-இல் இன்னும் மோசம். பீட் கான்ராடும் ஆலன் பீனும் நிலாவிலிருந்து கிளம்பித் தாய்க்கலத்தோடு சேர்ந்தபோது, உள்ளே இருந்த டிக் கார்டன் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் கரிமூட்டம் போட்டவர்கள் மாதிரி. இப்படியே என் கலத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். இருவரும் எல்லாவற்றையும் கழற்றி, பிறந்தமேனியாகத்தான் மிதந்து உள்ளே வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு கார்டன் ஏதோ எங்கள் ஊர்க்காரர் மாதிரி ஆகிவிட்டார். வெளியே போய் வந்த செருப்போடு நடுவீட்டில் கால் வைத்தால் எந்த அம்மா விடுவாள்?

சரி, பூட்ஸை விட்டு வந்தது ஏன்? சுத்தத்துக்காக இல்லை, கணக்குக்காக. நிலாவிலிருந்து எழும்பும் எஞ்சினுக்கு எரிபொருள் அளந்து வைத்தது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் 21 கிலோவுக்கு மேல் கல்லும் மண்ணும் எடுத்து வைத்திருந்தார்கள். கல் ஏற வேண்டுமென்றால் வேறு ஏதாவது இறங்க வேண்டும். மூச்சுக்காற்று கொடுத்த முதுகுப்பை இனி வேண்டாம், காமிரா வேண்டாம், மேல்பூட்ஸ் வேண்டாம். அந்த பூட்ஸ் நிலாவில் நடந்தது மொத்தமே இரண்டரை மணி நேரம். கதவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து குரல் வருகிறது: நீங்கள் தூக்கிப் போட்டதை டிவியில் பார்த்தோம், ஒவ்வொரு முதுகுப்பையும் தரையில் விழுந்தபோது அதிர்வுமானியும் பதிவு செய்துவிட்டது. அவர்களே சற்று முன்பு வெளியே நட்டு வைத்துவிட்டு வந்த அதே கருவி! இனிமேல் எதையும் திருட்டுத்தனமாகச் செய்ய முடியாது போலிருக்கிறதே என்றார் ஆம்ஸ்ட்ராங். அதிகம் பேசாத மனிதர் என்பார்கள். பேசும்போது சரியாகத்தான் பேசியிருக்கிறார்.

ஆகவே பூமிக்கு வந்தது உள்பூட்ஸோடு கூடிய உடை மட்டும். அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வருடக்கணக்காக நின்று, ரப்பர் எல்லாம் இற்றுப்போக ஆரம்பித்து, 2006-இல் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டு, 2015-இல் பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்டி, 2019 ஜூலை 16 அன்று மறுபடி காட்சிக்கு வந்தது. மாமா அனுப்பிய படம் அங்கே எடுத்ததுதான். அடிப்பாகம் மழமழவென்று இருப்பது உண்மை. மழமழவென்றுதான் இருக்க வேண்டும்.

செர்னன் கதை வேறு. ஜெமினியில் கால் நிலைக்காமல் தவித்தாரே, அதே யூஜீன் செர்னன், 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-இல் போனார். மூன்று நாள், மூன்று தடவை வெளியே, மொத்தம் 22 மணி நேரம், மண்ணில் நடந்தும் வண்டியில் போயும் சலித்தார். நிலாவில் கடைசியாகக் கால் எடுத்தவர் அவர்தான். அவர் தன் மேல்பூட்ஸை விட்டுவிட்டு வரவில்லை, கொண்டுவந்துவிட்டார். அதுவும் ஸ்மித்சோனியனில்தான் இருக்கிறது. உலோகத் துணியின் மடிப்பிலெல்லாம் சாம்பல் நிறம் ஏறி, அடிப்பாகத்தில் அந்த வரிகளோடு. மாமாவுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அதைவிட வேறு வேண்டாம்.

அதற்குப் பிறகு மறுபடி தரை இல்லாத காலம். 1973-இல் ஸ்கைலாப் நிலையத்துக்குப் போனவர்களுக்கு ஷூ அடியில் முக்கோண வடிவ உலோகத் துண்டு ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். நிலையத்தின் தளம் முக்கோண முக்கோணமாக ஓட்டை போட்ட தட்டு, அதில் ஷூவை நுழைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், நின்றபடி வேலை பார்க்கலாம். தங்கச் செருப்பையே காலோடு எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். இப்போது விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சாக்ஸோடுதான் சுற்றுகிறார்கள். மிதிக்க எதுவும் இல்லாததால் உள்ளங்காலின் தடித்த தோல் உரிந்து குழந்தைப் பாதம் மாதிரி ஆகிவிடும், கம்பிக்குக் கீழே காலைக் கோத்துக் கோத்துப் புறங்காலில் புதிதாகக் காய்ப்பு வரும்.

இத்தனையையும் சுருக்கி, சுருக்கியும் நீளமாகத்தான் வந்தது, ஒரு ஞாயிறு ராத்திரி குழுவில் போட்டேன். கூடவே செர்னனின் பூட்ஸ் படமும். இரண்டு நீல டிக் வந்தது. வெகுநேரம் சத்தமில்லை. சித்தி கைகூப்பினார்.

காலையில் மாமா பதில் போட்டிருந்தார்: "அப்ப செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தான் வந்திருக்கானுங்க. அம்பது வருஷமா எவனும் எடுத்துட்டுப் போகலையா? நம்ம கோயில் வாசல்ல அர மணி நேரம் தாங்காதேடா."